முற்றத்தில் பிறந்த கலைக்கூடம்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் கூட்டத்துக்குக் குறைவே இராது. ஆலைத் தொழிலாளி வருகிறான். லாரி ஓட்டுபவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வருகிறான். ஆண்டு முழுதும் பீடி சுற்றி விரல் தேய்ந்த தாய்மார்கள் பிள்ளைகுட்டிகளோடு வருகிறார்கள். எண்ணெய் தேய்த்துப் பேரருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து, தோளில் ஏறியிருந்த ஓராண்டுப் பாரத்தை அரை நாழிகையில் இறக்கி வைத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

அருவியிலிருந்து நடந்து போகும் தூரத்திலே ஒரு மண்டபம் தனியாக நிற்கிறது. அதுதான் சித்திர சபை. திருவாலங்காட்டில் ரத்தின சபை, தில்லையில் பொற்சபை, மதுரையில் வெள்ளி சபை, நெல்லையில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை என்று ஐந்து சபைகளைச் சொல்வார்கள். மற்ற நான்கிலும் ஆடுகின்ற கூத்தன் சிலையாக நிற்கிறான். இங்கேயோ அவன் சுவரிலே தீட்டிய ஓவியம்! சுற்றுச் சுவர்களெல்லாம் புராணக் காட்சிகள். அதைக் கோயில் என்று சொன்னால் கோயில். ஓவியக் காட்சிசாலை என்று சொன்னாலும் தவறாகாது.

அருவியில் குளித்த நம்மில் எத்தனை பேர் அந்த மண்டபத்துக்குள் நுழைந்து சுவரை ஏறிட்டுப் பார்த்திருக்கிறோம்? பத்து முறை குற்றாலம் போய் வந்த தோழரைக் கேட்டால், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பார். தெரிந்தவரோ, வயிற்றுப்பாட்டுக்கே வழியைக் காணோம், சித்திரம் பார்த்து ஆவதென்ன என்று நம்மையே திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வியை நாம் அலட்சியம் செய்யமாட்டோம். அதற்கு விடை தேடும்போது, குற்றாலத்திலேயே வாழ்ந்து குற்றாலத்திலேயே கண்மூடிய ஒரு மனிதரின் வாழ்க்கை நம் நினைவுக்கு வருகிறது. நாடு அவரை ரசிகமணி என்று அழைத்தது, நண்பர்கள் டி. கே. சி. என்றார்கள். டி. கே. சிதம்பரநாத முதலியார் என்பது முழுப் பெயர்.

அவர் நம் இயக்கத்தவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1882இல் பிறந்தவர். குடும்பம் தென்காசியில் வேரூன்றிய வசதியுள்ள குடும்பம். பட்டினி என்றால் என்னவென்று பட்டறிந்தவர் அல்லர். சட்டம் படித்தார், ஆனால் வழக்குக் கட்டுகளிலே அவர் மனம் ஒட்டவில்லை. 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தார். பின்னர் 1935 வரை இந்து சமய அறநிலைய வாரியத்தின் ஆணையர்களில் ஒருவராகப் பணியாற்றினார். ராஜாஜியும் கல்கியும் அவருடைய நெருங்கிய நண்பர்கள். இந்தக் குறிப்புகளோடு கதை முடிந்திருந்தால் அவரைப் பற்றி எழுத நமக்கு ஒரு வேலையும் இருந்திராது.

அவர் நடமாடிய தென்காசியை எண்ணிப் பாருங்கள். பதினைந்தாம் நூற்றாண்டிலே பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயில் ஊருக்கு நடுவே நிற்கிறது. எழுப்பிய மன்னனுக்கே தன் கோயில் நிலைக்குமா என்ற கவலை வந்துவிட்டது போலும்! பின்னாளில் இதைக் காப்பவர் எவராயினும் அவர் காலில் விழுந்து வணங்குகிறேன் என்ற கருத்தைக் கல்லிலே பொறித்து வைத்தான். அப்படியும் கோபுரம் தப்பவில்லை. பிளந்து, சிதைந்து, மொட்டைக் கோபுரம் என்ற பெயரோடு பல பத்தாண்டுகள் நின்றது. 1990இல்தான் புதிய கோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தது. ஆனால் உள்ளே, மண்டபத் தூண்களிலே வீரபத்திரனும் ரதியும் மன்மதனும் தாண்டவமாடும் தெய்வங்களும் அன்று போலவே உயிரோடு நிற்கின்றன. அவற்றைச் செதுக்கியவன் பெயர் எந்தக் கல்லிலும் நமக்குக் கிடைப்பதில்லை. அவனும் கூலிக்கு உளி பிடித்த உழைப்பாளிதானே!

இப்படிக் கண் முன்னே கலை குவிந்து கிடக்கும் நாட்டிலே, அதைப் பார்க்கத் தெரியாதவர்களாகப் படித்தவர்களே இருக்கிறார்களே என்பதுதான் டி. கே. சி.யின் ஏக்கம். கவிதை என்றால் இலக்கணம் சொல்லிப் பதம் பிரிப்பது, கோயில் என்றால் தலபுராணம் சொல்லிக் கும்பிட்டு வருவது என்று இருந்த காலம் அது. கற்றுத் தேர்ந்தவனுக்கே கலை என்று வேலி கட்டியிருந்தார்கள். அந்த வேலியைப் பிடுங்கி எறிய முனைந்தவர் அவர். கவிதையை அனுபவிக்கப் பண்டிதப் பட்டம் தேவையில்லை, இதயம் இருந்தால் போதும் என்பது அவர் கொள்கை.

இதை மேடை ஏறி முழங்கிவிட்டு அவர் போய்விடவில்லை, செய்து காட்டினார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்திலே நண்பர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கே தலைவர் இல்லை, தீர்மானம் இல்லை, சந்தா இல்லை. ஒரு பாட்டை எடுப்பார். ஒருமுறை சொல்வார், மறுபடி சொல்வார், எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எதை அழுத்த வேண்டுமோ அதை அழுத்தி மூன்றாம் முறை சொல்வார். பாட்டின் உருவம் கேட்பவர் கண்முன் எழுந்து நிற்கும். உரையாசிரியன் குறுக்கே வரமாட்டான். பாட்டும் கேட்பவனும் நேருக்கு நேர்! ஏடுகளில் கிடந்த முத்தொள்ளாயிரப் பாடல்கள் பலர் வாயில் புழங்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாட்டு மேடையிலே தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று தமிழிசைக் கிளர்ச்சி எழுந்தபோது அதன் பக்கம் உறுதியாக நின்றவர்களில் அவரும் ஒருவர். கேட்பவனுக்குப் புரியாத பாட்டு அவன் நெஞ்சைத் தொடாது என்பதைவிட எளிய நியாயம் உண்டா?

குறை இல்லாதவரா? குறை உண்டு. கம்பன் பாடல்களிலே தம் மனத்துக்கு ஒவ்வாதவற்றை இடைச்செருகல் என்று தள்ளினார். சில இடங்களில் சொல்லையே திருத்தினார். பண்டிதர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. ஒருவருடைய சுவையே உரைகல் ஆகிவிட்டால் பழைய நூல் எதுவும் பிழைக்காது. இன்னொரு குறை நமக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அந்த முற்றத்தில் வட்டமிட்டு அமர்ந்தவர்கள் யார்? வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், அதிகாரிகள். பிற்காலத்தில் நீதிபதியான மகராஜன், பேராசிரியர் அ. சீனிவாசராகவன், மீ. ப. சோமு ஆகியோர் அங்கே பழகியவர்கள். பாபநாசத்து ஆலையில் இரவு வேலை முடித்துக் கண் எரிய வீடு திரும்பியவனுக்கு அந்த முற்றத்தின் வழி தெரியாது. கதவு சாத்தியிருக்கவில்லை, ஆனால் அவன் வந்து சேரப் பாதையும் போட்டிருக்கவில்லை. ரசிகமணி திறந்தது பாதிக் கதவு என்பதே நம் கணிப்பு.

வாழ்வின் பிற்பகுதியை அவர் குற்றாலத்திலே கழித்தார். திரிகூடராசப்பக் கவிராயர் குறத்தியை மலைவளம் பாட வைத்த மண் அது. கவிராயரின் மேலகரம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில்தான் இருக்கிறது. சாரல் காலத்தில் டி. கே. சி. வீட்டில் இலை விரிக்காத வேளை கிடையாது. வந்தவருக்குக் குளிக்க அருவி, உண்ண விருந்து, உண்டபின் கவிதை! அருமை மகனை இளவயதிலே பறிகொடுத்த பெருந்துயரம் வந்தது. அதன் பின்னும் விருந்து நிற்கவில்லை, கவிதை நிற்கவில்லை, நண்பர்களுக்கு எழுதும் கடிதங்கள் நிற்கவில்லை. 1954 பிப்ரவரி 16ஆம் நாள் குற்றாலத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

அவரோடு முற்றமும் முடிந்துவிட்டதா? இல்லை! அது வேறோர் ஊரிலே, வேறோர் உருவிலே அதற்கு முன்பே முளைத்திருந்தது.

வட்டத்தொட்டியிலே வளர்ந்தவர்களில் ஒருவர் தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான். 1904இல் பிறந்த நெல்லைக்காரர், அரசு அதிகாரி. பாட்டைப் பார்க்கக் கற்ற கண்ணாலே அவர் கல்லையும் செம்பையும் பார்த்தார். தஞ்சை மாவட்டத்தில் அவர் பணிபுரிந்த நாளில், வயலோரத்திலும் குளக்கரையிலும் இடிந்த கோயில்களிலும் சோழர் காலச் சிலைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. தஞ்சைக்கு அருகே கருந்தட்டான்குடியில் கிடந்த பிரம்மன் சிலையை வெளியூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக முயன்றார்கள். ஊர் மக்கள் விடவில்லை. எங்கள் ஊர்ச் சிலை எங்கள் மண்ணை விட்டுப் போகக் கூடாது என்று தடுத்து நின்றார்கள். தடுத்தவர்கள் கலைப் புலவர்களா? சாதாரண ஊர்மக்கள்! அந்தத் தடுப்பிலிருந்துதான் 1951இல் தஞ்சை அரண்மனையிலே கலைக்கூடம் பிறந்தது. மக்கள் காட்டிய பிடிவாதத்துக்குக் கட்டடமும் ஒழுங்கும் தேடித் தந்த முயற்சியில் முன்நின்றவர் தொண்டைமான்.

ஊர் ஊராகச் சிலைகள் வந்து சேர்ந்தன. தாராசுரத்திலிருந்து யானையை உரித்த பெருமான் வந்தார். திருவெண்காட்டில் மண்ணுக்குள் புதைந்து கிடந்த செப்புத் திருமேனிகள் 1950களின் தொடக்கத்தில் வெளிப்பட்டு வந்தன. அவற்றிலே இடபத்தின் மேல் கை ஊன்றிச் சாய்ந்து நிற்கும் சிவன் ஒருவர். 1011ஆம் ஆண்டின் வார்ப்பு. இடபம் காணாமற் போய்விட்டது. ஆனாலும் அந்தக் கை, வெறும் காற்றின் மேலே அவ்வளவு சுகமாகச் சாய்ந்திருக்கிறது! ஆயிரம் ஆண்டுக்கு முன் மெழுகைப் பிசைந்து, மண் பூசி, உலோகத்தைக் காய்ச்சி ஊற்றிய கைகள் யாருடையவை? ஒரு தொழிலாளியின் கைகள். இன்று கட்டணச் சீட்டு வாங்கிய எவரும் அந்தச் சிலைக்கு எதிரே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். குலம் கேட்பவர் இல்லை.

இது சின்னச் செய்தி அன்று. 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது எத்தனை பெரிய போராட்டம் என்பதை நாம் மறந்துவிடவில்லை. சட்டம் மாநிலம் முழுவதற்கும் வர 1947 ஆயிற்று. அதுவரை, கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு சுமந்தவனின் பேரன் அந்தச் சுவர் ஓவியத்தைக் கண்ணால் காண முடியாத ஊர்கள் எத்தனை! ஆகவே கலையின் கதவு திறப்பதும் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதியே என்கிறோம்.

வயிற்றுப்பாட்டுக் கேள்விக்கு இப்போது வருவோம். அதற்கு விடை தொண்டைமான் வீட்டிலேயே இருக்கிறது. அவருடைய தம்பி யார் தெரியுமா? தொ. மு. சி. ரகுநாதன்! நூல் விலை ஏறித் தறி நின்று நெசவாளர் பட்டினி கிடந்த கொடுமையை 1953இல் ‘பஞ்சும் பசியும்’ என்ற நாவலாக எழுதியவர். அண்ணன் சிலைகளுக்குக் கூடம் அமைத்தார். தம்பி பசிக்கு எழுத்து தந்தார். ஒரே வீட்டில் இரண்டும் பிறந்தன. சோறு வேண்டும் என்பவன் சித்திரம் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. சோறு முதலில் என்பது சரி. சோறு மட்டும் போதும் என்று தொழிலாளியை நம்பவைப்பவன், மீதி எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்ளப் பார்க்கிறான்!

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி 1964 முதல் நடக்கிறது; உழைப்பாளி வீட்டுப் பெண்கள் படித்து வெளிவருகிறார்கள். ஊருக்கு ஊர் படிப்பகம் இருக்கிறது; சங்கக் கட்டடம் இருக்கிறது. ஒரு வாரம் கல்லூரிக் கூடத்தின் சுவரைக் கொடுங்கள். சித்திர சபையின் ஓவியங்களைப் படம் பிடித்து அங்கே மாட்டுங்கள். காலமும் ஈரமும் எந்த இடத்தைத் தின்றிருக்கின்றன என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அதைப் பார்த்தால்தான் பிறக்கும். விசுவநாதர் கோயில் தூண்களை மாணவர்கள் கரிக்கோலால் வரைந்து கொண்டுவரட்டும். அது முடிந்ததும் அதே படங்கள் படிப்பகத்துக்குப் போகட்டும், பீடித் தொழிலாளர் சங்கக் கூடத்துக்குப் போகட்டும்.

ஆனால் மாட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். படத்துக்குக் கீழே ஆண்டும் பெயரும் எழுதி ஒட்டிவிட்டால், படித்தவன் எழுத்தைப் படித்துவிட்டு நகர்வான். படிக்காதவன் கூச்சத்தோடு ஒதுங்குவான். ரசிகமணியின் வாழ்க்கை நமக்குத் தரும் பாடம் இதுதான்: சுவர் இருந்தால் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு முற்றமும் வேண்டும். ஒரு படத்தின் எதிரே பத்துத் தொழிலாளர்கள் வட்டமாக உட்காரட்டும். அந்தக் கை ஏன் அப்படி வளைந்திருக்கிறது, அந்தக் கண் எதைப் பார்க்கிறது என்று ஒருவர் கேட்கட்டும், மற்றவர்கள் சொல்லட்டும். கல் உடைப்பவனுக்குச் சிலையைப் பற்றிச் சொல்லச் செய்தி இருக்கும். சாயம் காய்ச்சியவளுக்கு ஓவியத்தைப் பற்றிச் சொல்லச் செய்தி இருக்கும். பேராசிரியரும் கேட்டுக்கொள்ளட்டுமே!

ரசிகமணி பாதிக் கதவைத் திறந்தார். அவர் முற்றத்திலே வளர்ந்தவர் இன்னும் கொஞ்சம் திறந்தார். மீதியைத் திறக்க வேண்டியவர்கள் நாம். அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகும் தோழர்களே, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே பேருந்துக்கு நடக்காதீர்கள். சித்திர சபைக்குள் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அந்தச் சுவர் நம் கைகள் எழுப்பியது. அதைப் பார்க்கும் கண்களும் நம்முடையவையாக இருக்கட்டும்!