வேரைக் கணக்கில் எழுதிய இதய மருத்துவர்

நம்ம வீடுகளில் பிளட் பிரஷர் மாத்திரை இல்லாத வீடு குறைவு. பிரிக்பீல்ட்ஸோ, கிள்ளானோ, காலையில் பசியாறி முடித்ததும் தாத்தாவோ பாட்டியோ அந்தச் சின்ன மாத்திரையைத் தேடுவார்கள். 80 ஆண்டுகளுக்கு முன்பு பெரிய பணக்காரர்களுக்கும் இப்படியொரு மாத்திரை கிடையாது. 1945 ஏப்ரல் 12-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். அன்று அவருடைய இரத்த அழுத்தம் 300/190. உப்பைக் குறை, ஓய்வெடு என்பதற்கு மேல் மருத்துவர்களிடம் அதிகம் இல்லை. சிலருக்கு நரம்பை வெட்டி அறுவை சிகிச்சை செய்தார்கள், அவ்வளவுதான்.

அதே காலத்தில் பம்பாயில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. செய்தவர் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல். 1911-இல் பிறந்த பார்சிக்காரர். லண்டனில் மருத்துவம் படித்து, அங்கேயே எம்.டி. பட்டமும் வாங்கி ஊர் திரும்பி, கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றியவர். அப்படிப்பட்டவர் கையில் எடுத்தது சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை!

இது அவர் கண்டுபிடித்த மூலிகை இல்லை. பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்ததுதான். இரத்த அழுத்தத்தை அது குறைக்கிறது என்று கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-லேயே எழுதிவிட்டார்கள். அதே ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரிலிருந்து சத்துகளைப் பிரித்தெடுத்தார். ஆனால் மேல்நாட்டு மருத்துவ உலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் வகீல் என்னதான் செய்தார்? பொறுமையாக அளந்தார். பல ஆண்டுகள் நோயாளிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று குறித்து வைத்தார். அவர்களில் 50 பேரின் கணக்கை 1949-இல் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ இதழில் வெளியிட்டார். நம் முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும் என்று மேடையில் முழங்குவது சுலபம். ஐம்பது பேரின் கணக்கை, நம்பாதவனும் சரிபார்க்கும்படி எழுதுவது சுலபமில்லை. வகீலின் தகுதி லண்டன் பட்டத்தைவிட இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு பாஸ்டனில் டாக்டர் ராபர்ட் வில்கின்ஸ் அதே வேரைச் சோதித்துப் பார்த்தார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தார்கள். நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் நார்அட்ரினலின் என்ற பொருளை அது தீர்த்துவிடுகிறது. இரத்தக் குழாயை இறுக்கச் சொல்லும் கட்டளை குறைவதால் குழாய் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. நியூயார்க்கில் நேதன் கிளைன் அதையே மனநோயாளிகளுக்குக் கொடுத்தார். 1957-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது வகீலுக்குக் கிடைத்தது. நோபெல் பரிசு வாங்கிய பலர் அதற்கு முன் வாங்கிய விருது அது. அடுத்த ஆண்டே இந்திய அரசு பத்மபூஷண் கொடுத்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ரெசர்பின் சிலருக்கு மனச்சோர்வு உண்டாக்கியது. அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அது பின்னுக்குப் போய்விட்டது. அதனால, இதைப் படித்துவிட்டு வேர்ப்பொடி வாங்கித் தாத்தாவுக்குக் கலக்கிக் கொடுத்துடாதீங்க! கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை அவர் விடாமல் சாப்பிடட்டும்.

வகீல் 1974-இல் காலமானார். 1969-இல் அவர் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்த ஏ.பி.ஐ. மருத்துவப் பாடநூல் இன்னும் புதிய பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது. இங்கிருந்து மருத்துவம் படிக்க இந்தியாவுக்குப் போன அண்ணன், அக்காவைக் கேளுங்கள், அந்தத் தடித்த புத்தகத்தைச் சுமந்த கதை சொல்வார்கள்.