மெதுவாகக் கற்றுக்கொண்ட விமானி

இந்த வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்க முடியுமா, நீச்சல் வருமா என்று நம்மில் பலர் தயங்குகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தே வகுப்பில் கற்றதை நம் பிள்ளை இருபது வகுப்பாகியும் கற்கவில்லையே என்ற கவலையும் சிலருக்கு உண்டு. அதனால் இந்தக் காலாண்டில் ஏமி ஜான்சனின் வாழ்க்கையைப் பார்ப்போம். உலகப் புகழ் பெற்ற இந்த விமானி, பயிற்சிக் காலத்தில் சுமாரான மாணவி.

ஏமி 1903 ஜூலை 1 அன்று இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரில் பிறந்தார். அப்பா மீன் வியாபாரி. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து முடித்த ஏமி, லண்டனில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார். விமானம் ஓட்டுவது அன்று பெரும்பாலும் பணக்காரர்களின் பொழுதுபோக்கு. ஆனால் லண்டன் ஏரோபிளேன் கிளப் போன்ற சங்கங்களுக்கு அரசு உதவித்தொகை கொடுத்ததால், மாதச் சம்பளக்காரர்களும் ஓரளவு கட்டணத்தில் அங்கே பயில முடிந்தது. 1928 செப்டம்பரில், 25 வயதில், ஏமி முதல் பாடத்துக்குப் போனார்.

பயிற்சி விமானம் 'மாத்' எனப்படும் சிறிய இரட்டை இறக்கை விமானம். மேல்மூடி கிடையாது. பயிற்சியாளரும் மாணவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, குழாய் வழியாகப் பேசிக்கொள்ள வேண்டும். முதல் நாள் ஏமிக்குக் கிடைத்த தலைக்கவசம் அளவில் பெரியது. காற்று, இன்ஜின் இரைச்சலில் பயிற்சியாளர் சொன்னது காதில் சரியாக விழவில்லை. முதல் நாளே நல்ல பெயர் கிடைக்கவில்லை.

தரையிறங்குவதுதான் அவருக்குக் கடைசி வரை சிக்கல். தரைக்குச் சில அடி உயரத்தில் வேகத்தைக் குறைத்து, சரியான நொடியில் விமானத்தின் மூக்கைத் தூக்க வேண்டும். முந்தினால் விமானம் பொத்தென்று விழும். பிந்தினால் சக்கரம் தரையில் மோதித் துள்ளும். பயிற்சியாளர் இல்லாமல் தனியாகப் பறப்பதைச் சோலோ என்பார்கள். பலர் சுமார் பத்து மணி நேரப் பயிற்சியிலேயே சோலோ பறந்துவிடுவார்கள். ஏமிக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் ஆனது. 1929 ஜூன் மாதம் சோலோ, ஜூலையில் லைசென்ஸ்.

இதற்கிடையே அவர் இன்னொரு வேலையும் செய்தார். கிளப்பின் பழுதுபார்க்கும் கொட்டகைக்குள் போய், தலைமை மெக்கானிக் ஜாக் ஹம்ஃப்ரீஸிடம் இன்ஜின் வேலை கற்றுக்கொண்டார். அது அன்று ஆண்கள் மட்டுமே இருந்த இடம். கிரீஸும் எண்ணெயுமாக வேலை செய்து, 1929 டிசம்பரில் விமானப் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸும் வாங்கினார். பிரிட்டனில் ஒரு பெண் அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

அடுத்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அதுவரை அவர் பறந்த அதிகபட்சத் தூரம் லண்டனிலிருந்து ஹல் வரைதான். அப்பாவும் எண்ணெய் வியாபாரி லார்டு வேக்ஃபீல்டும் பணம் கொடுக்க, 600 பவுண்டுக்குப் பழைய ஜிப்ஸி மாத் விமானம் ஒன்றை வாங்கினார். அப்பாவின் மீன் வியாபார முத்திரைப் பெயரான 'ஜேசன்' என்பதையே அதற்கும் வைத்தார்.

1930 மே 5 அன்று லண்டனுக்கு அருகிலுள்ள குராய்டனிலிருந்து கிளம்பினார். ரேடியோ கிடையாது. வழி பார்க்க வரைபடமும் திசைகாட்டியும்தான். ஈராக்கில் மணற்புயலில் சிக்கிப் பாலைவனத்தில் இறங்கி, விமானம் காற்றில் புரளாமல் இருக்க வால் பகுதி மேல் உட்கார்ந்து காத்திருந்தார். ஆறாம் நாள் கராச்சி வந்தபோது, அதுவரையிலான சாதனையைவிட இரண்டு நாள் முன்னால் இருந்தார். ஜான்சியில் எரிபொருள் தீர்ந்து ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார், இறக்கை சேதம். அலகாபாத், கல்கத்தா வழியாக ரங்கூன் போனவர், அதற்கு அருகே இன்சீனில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியின் விளையாட்டு மைதானத்தில் இறங்கிப் பள்ளத்தில் விழுந்தார். இறக்கை கிழிந்து புரொப்பல்லரும் உடைந்தது. ஏமி கையோடு உபரிப் புரொப்பல்லர் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பள்ளிக்காரர்கள், போர்க்கால விமானத் துணியில் தைத்த சட்டைகளைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப்போட்டார்கள். ஜாவாவில் மூங்கில் குத்திக் கிழிந்த இறக்கைக்குக் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரே கைகொடுத்தது.

ஒவ்வொரு நாளும் பறந்து முடித்த பிறகு, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு இன்ஜினைத் தானே சரிபார்ப்பார். தரையிறங்கும்போது அவர் தடுமாறினார் என்பது உண்மை. ஆனால் கொட்டகையில் கற்ற வேலை ஒவ்வொரு முறையும் விமானத்தை மறுபடி மேலே ஏற்றியது.

மே 24 அன்று, சுமார் 11,000 மைல் கடந்து, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். ரங்கூனில் இழந்த நாள்களால் சாதனை நேரம் கைநழுவியது. ஆனாலும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்ற பெருமை அவருக்கே. சில நாளில் பிரிஸ்பேனில் தரையிறங்கும்போது ஓடுதளத்தைத் தாண்டிப் போய் விமானம் கவிழ்ந்தது!

மறு ஆண்டு லண்டனிலிருந்து டோக்கியோவுக்குச் சாதனை நேரத்தில் பறந்தபோது, உடன் வந்தவர் அதே ஜாக் ஹம்ஃப்ரீஸ். 1932-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குத் தனியாகப் பறந்து, தன் கணவர் ஜிம் மொலிசன் வைத்திருந்த சாதனையை முறியடித்தார். பின்னாளில் அந்தத் திருமணம் விவாகரத்தில் முடிந்தது.

இரண்டாம் உலகப் போரில், ராணுவ விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் பணியில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5 அன்று, மோசமான வானிலையில் வழி தவறி, தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் பாராசூட்டில் குதித்தார். அவரைக் காப்பாற்ற உறையும் நீரில் பாய்ந்த கடற்படை அதிகாரி வால்டர் ஃபிளெட்சரும் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை. வயது 37.

அவருடைய 'ஜேசன்' லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிறவர்கள், பேரப்பிள்ளைகளோடு ஒரு நடை போய்ப் பார்த்து வரலாம். இவ்வளவு சிறிய விமானத்திலா என்று குழந்தைகள் கேட்பார்கள். மீதிக் கதையை நீங்கள் சொல்லுங்கள்.