தாதியர் பதிவுச் சட்டமும் பென்விக் அம்மையாரும்

வைத்தியரின் பெயரை ஊரார் அறிவர். அவர் வந்து நாடி பார்த்து மருந்தெழுதிச் சென்ற பின்னர், இரவெல்லாம் விழித்திருந்து நோயாளியைக் காப்பவரின் பெயரை எவரும் கேட்பதில்லை. இவ்வாறு வைத்தியருக்குத் துணையாக நிற்பவர் என்ன பயிற்சி பெற்றிருக்க வேண்டும், எந்த அளவு வரை வேலை செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? ஆஸ்பத்திரியை நடத்துவோருக்கா, வைத்தியருக்கா, அல்லது தேசத்தின் சட்டத்துக்கா? அமெரிக்காவில் 1965-ல் டியூக் சர்வகலாசாலை வைத்திய உதவியாளருக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது முதல், அவர்களுடைய சங்கங்கள் ஒவ்வொரு ராஜ்யத்தின் சட்டசபை அங்கத்தினரையும் அணுகி, தங்கள் தொழிலின் உரிமையையும் வரம்பையும் சட்டத்தில் எழுதுவிக்க முயன்று வந்திருக்கின்றன. இக்கேள்வி அவர்களுடன் பிறந்ததன்று. நர்ஸ்கள் எனப்படும் தாதியரின் பொருட்டு இதே கேள்வியைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் முன் வைத்து முப்பதாண்டுக்கு மேல் போராடிய ஒரு மாதரசியின் சரித்திரத்தை நம் வாசகர்களுக்கு இன்று கூற விரும்புகிறோம். ஒரு கோரிக்கையைச் சட்டமாக்க நினைப்போர் யாவரும் எதெல் பெட்போர்ட் பென்விக் அம்மையாரின் வாழ்க்கையிலிருந்து கற்க வேண்டியது மிகுதி; தவிர்க்க வேண்டியதும் சிறிது உண்டு.

எதெல் கோர்டன் மான்ஸன் என்ற இயற்பெயருடைய இவர், 1857-ஆம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி ஸ்காட்லாந்தில் எல்ஜின் நகரை அடுத்த ஸ்பைனியில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாயார் மறுமணம் செய்துகொண்ட ஜார்ஜ் ஸ்டோரர் என்பவர் பின்னர் பார்லிமெண்டு அங்கத்தினரானார். ஆதலால் சட்டம் இயற்றுவோரின் போக்கும் பேச்சும் இளமையிலேயே இவர் காதில் விழுந்திருத்தல் வேண்டும். 1878-ல் நாட்டிங்ஹாம் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தாதித் தொழில் பயிலத் தொடங்கினார்; பின்னர் மான்செஸ்டரிலும் பயின்றார்; அடுத்த ஆண்டிலேயே லண்டன் ஆஸ்பத்திரியில் பொறுப்புள்ள வேலைக்கு உயர்ந்தார். 1881-ல் லண்டனில் மிகப் புராதனமான செயிண்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியின் தாதியர் தலைவியாக நியமிக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துநான்கு.

அவ்வாஸ்பத்திரியில் அவர் செய்த முக்கியமான சீர்திருத்தம், தாதியரின் பயிற்சிக் காலத்தை மூன்றாண்டாக நீட்டியதாகும். இது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆயினும் பிற்காலப் போராட்டம் முழுவதற்கும் இதுவே வித்து. 1887-ல் டாக்டர் பெட்போர்ட் பென்விக் என்ற வைத்தியரை மணந்து உத்தியோகத்தை விட்டார். ஒரு தனி ஆஸ்பத்திரியின் நிர்வாகம் போயிற்று; தேசத்துத் தாதியர் அனைவருக்குமான ஒரு வேலை அதே ஆண்டில் தொடங்கிற்று.

அக்காலத்து நிலைமையைச் சிறிது கூறுவோம். இங்கிலாந்தில் வைத்தியர்களுக்கு 1858-ஆம் ஆண்டின் வைத்தியச் சட்டத்தால் ஒரு பதிவுப் புத்தகம் ஏற்பட்டிருந்தது. தகுதியுள்ள வைத்தியர் யார், போலி வைத்தியர் யார் என்பதை எந்தக் குடியானவனும் அப்புத்தகத்தைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம். தாதியருக்கோ அவ்வித ஏற்பாடு ஒன்றுமில்லை. மூன்றாண்டு பயின்றவரும் தாதி. மூன்று மாதம் வார்டு பெருக்கியவரும் தாதி. ஒன்றுமே பயிலாமல் வெள்ளை மேலாடை தரித்தவரும் தாதியே. நோயாளியின் வீட்டார் கூலி கொடுத்து அழைத்துவரும் பெண்ணுக்கு மருந்தின் அளவு தெரியுமா, புண்ணைக் கட்டத் தெரியுமா என்பதை அறிய வழியில்லை. சில பெரிய ஆஸ்பத்திரிகள் தங்கள் தாதியரைத் தனி வீடுகளுக்கு அனுப்பிக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டன. பயிற்சி எவ்வளவு, பரீட்சை உண்டா, சான்று எப்படி என்பதையெல்லாம் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன்னிஷ்டப்படியே வகுத்துக்கொண்டது.

இந்நிலையை மாற்ற வேண்டித்தான் 1887-ல் பென்விக் அம்மையார் பிரிட்டிஷ் தாதியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். விக்டோரியா மகாராணியின் மூன்றாம் புதல்வி ஹெலினா இளவரசி அதன் தலைமையை ஏற்றார். சங்கத்தின் கோரிக்கை ஒன்றே: மூன்றாண்டு பயிற்சி பெற்ற தாதியரின் பெயர்களை ராஜாங்கம் ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும், அதில் இல்லாதவர் பதிவு பெற்ற தாதி என்று சொல்லிக்கொள்ளலாகாது. இது தாதியரின் கௌரவத்துக்கு மட்டும் வேண்டப்பட்டதன்று என்றும், நோயாளியின் உயிருக்குக் காப்பு என்றும் அம்மையார் ஆதிமுதல் வற்புறுத்தி வந்தார். இவ்விஷயத்தைச் சட்டசபைகளை அணுகும் தொழிற்சங்கத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தங்கள் நலத்தை மட்டும் கேட்போருக்குச் சட்டம் செய்வோர் செவி கொடுப்பது அரிது; பொதுஜன நலமும் தங்கள் நலமும் ஒன்றுகூடும் இடத்தைக் காட்டுவோரின் சொல்லே அரங்கேறும்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? தாதித் தொழிலுக்கே உலகில் மதிப்பைத் தேடித் தந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே எதிர்த்தார் என்றால் நம் வாசகர்கள் வியப்படைவர். அவர் கொண்ட காரணத்தையும் நேர்மையுடன் கூறுதல் நம் கடமை. நல்ல தாதிக்கு வேண்டியது கருணை, பொறுமை, ஒழுக்கம். இவற்றைப் பரீட்சை வைத்து அளக்கவும் முடியாது, புத்தகத்தில் பதியவும் முடியாது. ஒருமுறை பதிந்த பெயர் அவள் கெட்ட பின்னும் அங்கேயே நிற்கும் என்பது அவர் கட்சி. இதில் உண்மை இல்லை என்று எவரும் சொல்லார். ஆனால் வைத்தியருக்கும் கருணையும் ஒழுக்கமும் வேண்டியவையே. அவற்றை அளக்க முடியாதென்பதற்காக வைத்தியரின் பதிவை எவரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அளக்க முடியாத குணங்கள் பல இருப்பது, அளக்கக்கூடிய பயிற்சியை அளக்காமல் விடுவதற்குக் காரணமாகாது என்பதே நம் அபிப்பிராயம். லண்டன் ஆஸ்பத்திரியின் தாதியர் தலைவி ஈவா லூக்கஸ் அம்மையாரும், அதன் நிர்வாகத் தலைவர் சிட்னி ஹாலண்டும் எதிர்க்கட்சியில் முன்னின்றனர். அவ்வாஸ்பத்திரியில் பயிற்சி இரண்டாண்டே என்பதையும் இங்கே நினைவில் வைத்தல் வேண்டும்.

1893-ல் சங்கத்துக்கு ராஜ சாஸனம் கிடைத்தது. ஆனால் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. தாதியரின் பெயர்களை ஒரு ஜாபிதாவாக வைத்துக்கொள்ளலாம் என்றார்களேயன்றி, பதிவு பெற்றவர் என்ற பட்டத்தை அளிக்கவில்லை. இதனினும் பெரிய அடி உள்ளிருந்தே விழுந்தது. சில ஆண்டுகளில் சங்கத்தின் நிர்வாகம் வேறு கைகளுக்கு மாறியது. பதிவை வேண்டிப் பிறந்த சங்கமே பதிவு வேண்டாமென்று கூறும் நிலைக்கு வந்தது. அதனை ஈன்ற அம்மையார் வெளியே நிற்க நேர்ந்தது. இத்தகைய அநுபவம் பொதுவாழ்வில் ஈடுபட்டோருக்குப் புதிதன்று. அநேகர் அந்த இடத்தில் மனமுடைந்து வீடு திரும்பிவிடுவர்.

அம்மையார் திரும்பவில்லை. 1893-ல் ஒரு பத்திரிகை அவர் கைக்கு வந்தது. பின்னர் பிரிட்டிஷ் தாதியர் பத்திரிகை என்று பெயர் மாறிய அதனை 1946 வரை, தமது முதுமையின் கடைசி எல்லை வரை, ஆசிரியராக இருந்து நடத்தினார். சங்கத்தைப் பிறர் கவரலாம். பத்திரிகை தம் கையில் இருக்கும் வரை தம் குரல் அடங்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1899-ல் பல தேசத்துத் தாதியரும் கூடும் சர்வதேசத் தாதியர் கவுன்சில் அவர் முயற்சியால் உருவாயிற்று. அதன் முதல் தலைவரும் அவரே. 1902-ல் ராஜாங்கப் பதிவுக்காகவே புதியதொரு சங்கத்தைக் கண்டார்.

இதற்குள் தாய்நாட்டை விடக் குடியேற்ற நாடுகள் முந்திக்கொண்டன. தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில் 1891-லேயே தாதியரைப் பதியச் சட்டம் வந்தது. 1901-ல் நியூஜிலாந்து தாதியருக்கென்றே தனிச் சட்டம் செய்தது. இங்கிலாந்திலும் 1902-ல் மருத்துவச்சிகளுக்குச் சட்டம் ஏற்பட்டது. தாதியருக்கு மட்டும் பார்லிமெண்டின் கதவு திறக்கவில்லை.

1904-ல் காமன்ஸ் சபை ஒரு விசாரணைக் கமிட்டியை நியமித்தது. இரு கட்சியாரும் சாட்சியம் கூறினர். 1905-ல் கமிட்டி பதிவு அவசியமே என்று அறிக்கை தந்தது. ஆனால் அறிக்கை வேறு, சட்டம் வேறு. அந்நாட்களில் ஏறக்குறைய ஆண்டுதோறும் தனி அங்கத்தினர் எவரேனும் மசோதாவைக் கொண்டு வருவர், மந்திரிகள் அதற்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள், கூட்டத்தொடர் முடியும், மசோதாவும் அதனுடன் மடியும். அடுத்த ஆண்டு அம்மையார் மீண்டும் கடிதம் எழுதுவார், தூது செல்வார், அங்கத்தினரைக் கண்டு பேசுவார். அவர் யாரிடம் சென்று நின்றார் என்பதைச் சிந்திக்க வேண்டும். அக்காலத்தில் பெண்களுக்குப் பார்லிமெண்டுத் தேர்தலில் வோட்டு இல்லை. வோட்டில்லாதவரின் கோரிக்கையை நிறைவேற்றாவிட்டால் எந்த அங்கத்தினருக்கும் நஷ்டமில்லை. ஆதலால் நியாயத்தையும் விடாமுயற்சியையும் தவிர அவர் கையில் வேறு ஆயுதம் இருக்கவில்லை.

1908-ல் பிரபுக்கள் சபையில் ஒரு மசோதா வெற்றி பெற்றது. அதனைக் கொண்டுவந்தவர் ஆம்ப்டில் பிரபு. 1900 முதல் 1906 வரை நம் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவரும், தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய போராட்டத்துக்குப் பின்னர் ஆதரவு அளித்தவரும் இவரே. எனினும் பிரபுக்கள் ஒப்பியதைக் காமன்ஸ் சபை எடுத்துக்கொள்ளவில்லை. 1914-ல் டாக்டர் சாப்பிள் என்ற அங்கத்தினர் கொண்டுவந்த மசோதாவைக் காமன்ஸ் சபை பெருவாரியான வோட்டுகளால் வரவேற்றது. ஆயினும் ராஜாங்கம் நேரம் தரவில்லை. அவ்வாண்டிலேயே மகாயுத்தமும் மூண்டது.

யுத்தம் ஒரு விதத்தில் அம்மையாரின் கட்சிக்குச் சாட்சியாயிற்று. பயிற்சி சிறிதும் இல்லாத தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்பத்திரிகளில் புகுந்தனர். அவர்களுடைய தியாகத்தை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பயின்ற தாதி யார், பயிலாத தொண்டர் யார் என்ற வேற்றுமையைத் தேசம் அப்பொழுது கண்கூடாகக் கண்டது. 1916-ல் தாதியர் கல்லூரி என்ற மற்றொரு ஸ்தாபனம் தோன்றித் தானும் பதிவை வேண்டியது. இரு ஸ்தாபனங்களும் ஒரே பொருளைக் கேட்டன, ஒன்றையொன்று நம்பவில்லை. 1918-ல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு வோட்டுரிமை வந்தது. 1919-ல் இரு கட்சியாரின் மசோதாக்களும் பார்லிமெண்டில் ஒன்றோடொன்று மோதி இரண்டும் வீழ்ந்தன. முடிவில் சுகாதார மந்திரி டாக்டர் அடிசன் ராஜாங்கத்தின் சார்பிலேயே மசோதாவைக் கொண்டுவந்தார். 1919-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி அது சட்டமாயிற்று. முப்பதாண்டு கேட்டும் கிடைக்காதது, பெண்களுக்கு வோட்டுக் கிடைத்த மறு ஆண்டில் கிடைத்தது. இதன் பொருளை அரசியல் அறிந்த நம் வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1921-ல் பதிவுப் புத்தகம் திறக்கப்பட்டபோது அதில் முதலாவதாக எழுதப்பட்ட பெயர் எதெல் பெட்போர்ட் பென்விக் என்பது. சரித்திரம் இங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் புதிய கவுன்சிலில் நியமனம் பெற்றிருந்த அம்மையார், பதிவுக்கு வந்த விண்ணப்பங்களை மிகக் கடுமையாகச் சோதித்தார். சகாக்களுடன் சச்சரவு வளர்ந்தது. தாதியர் தாமே தேர்ந்தெடுத்து 1923-ல் பதவியேற்ற கவுன்சிலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. யாருக்காக முப்பதாண்டு உழைத்தாரோ அவர்களே தங்கள் முதல் வோட்டில் அவரை விலக்கினர்.

இதனை நன்றியின்மை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. நாம் அவ்வாறு சொல்லோம். உயர்குடியில் பிறந்து கல்வி பெற்ற பெண்களே தாதித் தொழிலுக்கு ஏற்றவர் என்ற எண்ணம் அம்மையாரிடம் ஆதிமுதல் இருந்தது. கூலிக்காக உழைத்து, சான்றிதழ் ஏதுமின்றி நாட்டுப்புற ஆஸ்பத்திரிகளில் ஆயுளைக் கழித்த ஏழைத் தாதியர், தங்களை வெளியே நிறுத்தும் வேலியாகவே பதிவைக் கண்டனர். போலிகளைத் தடுக்கும் வேலி, ஏழைகளையும் சேர்த்துத் தடுத்துவிடக்கூடும். தொழிலின் தரத்தை உயர்த்தப் புறப்படுவோர், அத்தொழிலுக்கு ஏறிவரும் படிக்கட்டையும் கூடவே கட்டிக்கொடுக்க வேண்டும். அம்மையார் முன்னதைச் செய்தார். பின்னதில் போதிய சிரத்தை காட்டவில்லை. இக்குறையைச் சொல்வதால் அவர் பெருமை குன்றிவிடாது.

1947-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ந் தேதி, தொண்ணூறாவது வயதில் அம்மையார் காலமானார். அதே ஆண்டின் கடைசி நாளில், சுதந்திரம் பெற்ற நம் தேசம் இந்தியத் தாதியர் கவுன்சில் சட்டத்தை இயற்றியது. சென்னை மாகாணத்திலோ தாதியரையும் மருத்துவச்சிகளையும் பதிவதற்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. 2021-ல் இந்தியப் பார்லிமெண்டு வைத்தியத்தைச் சார்ந்த பலவகைத் தொழிலாளரையும் பதிவதற்கு ஒரு சட்டம் செய்தபோது, வைத்திய உதவியாளரும் அதில் இடம் பெற்றனர். இவர்களும் இனி மந்திரிகளையும் சட்டசபை அங்கத்தினரையும் நாடிச் செல்ல வேண்டியிருக்கும். செல்வது அவர்கள் உரிமை. செல்லும்போது, நோயாளிக்கு இதனால் என்ன நன்மை என்பதை முதலில் கூறுவார்களாக. மசோதா ஒருமுறை வீழ்ந்தால் அடுத்த ஆண்டும் அதே வாயிலில் வந்து நிற்பார்களாக. தங்களுக்குக் கதவு திறந்த பின், தங்களுக்குக் கீழே துப்புரவு செய்தும் படுக்கை மாற்றியும் உழைப்போரின் முகத்தில் அக்கதவைச் சாத்தாதிருப்பார்களாக.