பரீட்சையில் தோற்ற ஓவியர்

ஓவியர் நந்தலால் போஸ் 1882-ல் பீகாரில் பிறந்தார். தாயார் பொம்மை செய்வதில் கெட்டிக்காரி. மகனுக்கும் அந்தக் கை வந்துவிட்டது.

வீட்டாரோ கல்கத்தாவில் கல்லூரிக்கு அனுப்பினார்கள். பரீட்சையில் தோற்றார். வணிகப் படிப்பில் சேர்ந்தார், அதுவும் ஏறவில்லை. இதற்குள் கல்யாணமும் ஆகிவிட்டது! படம் வரைந்தால் குடும்பம் நடக்குமா? வீட்டார் கவலை நியாயமானதுதான்.

எப்படியோ சம்மதம் பெற்று, 1905-ல் அரசாங்க ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அவனீந்திரநாத் தாகூர் அவரைச் சீடராக ஏற்றார். அதன்பின் படிப்பு கசக்கவில்லை.

1938-ல் ஹரிபுரா காங்கிரஸ் மகாநாட்டுக்குக் காந்தியடிகள் அவரை அழைத்தார். மேளக்காரர், தச்சர், பஞ்சு அடிப்பவர் என்று உழைப்பாளிகளையே வரைந்து வைத்தார்.

1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியைச் சித்திரங்களால் அலங்கரித்தவர்கள், அவரும் அவருடைய சாந்திநிகேதன் மாணவர்களும்.