தாதியரைத் தாங்கிய தாதி

புதுவருட மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கைக் கதை எழுதித் தாருங்கோ என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். நான் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைத் தெரிவு செய்தேன். கைவிளக்கோடு நிற்கும் அவருடைய படத்தை ஊரில் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் லிட்கமைச் சுற்றியிருக்கிற எங்கட சனத்தில் எத்தனையோ பேர் இன்று ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்கிறோம். எங்களுக்கு அந்த விளக்கைவிட அவருடைய நிர்வாகம்தான் முக்கியம்.

1820ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலக் குடும்பமொன்றில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பிள்ளைக்கும் வைத்தார்கள். தாதி வேலை என்றால் அந்தக் காலத்தில் மதிப்பில்லை. தாயும் தமக்கையும் தடுத்தும் கேட்காமல் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்.

1853இல் லண்டன் ஹார்லி வீதியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாளரானார். அங்கே அவர் கேட்டவற்றைப் பாருங்கள்: மாடிகளுக்கெல்லாம் குழாயில் சுடுதண்ணீர், சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு சிறு லிப்ட், எந்த நோயாளி மணி அடித்தார் என்று கீழே நின்றே அறிய ஒரு வழி. இவை இல்லாவிட்டால் தாதியர் படி ஏறி இறங்கியே களைத்துப் போவார்கள். பிறகு நோயாளியைப் பார்க்கத் தெம்பு எங்கே இருக்கும்?

அடுத்த ஆண்டு லண்டனில் வாந்திபேதி பரவியது. மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் உதவினார். அதே ஆண்டு நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியில் ஸ்குட்டாரி இராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் போரில் காயப்பட்டுச் செத்தவர்களைவிட வாந்திபேதி, வயிற்றுளைவு, தைபஸ் காய்ச்சலால் செத்தவர்களே அதிகம். ஸ்குட்டாரியில் மாற்றுச் சட்டைகூட இல்லை. மக்கள் சேர்த்துக் கொடுத்த காசில் அம்மையார் சாமான்கள் வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொதிகலன் பூட்டி, படைவீரரின் மனைவிமாரைச் சம்பளத்துக்கு வைத்துத் துணி துவைப்பித்தார். இரவு 8 மணிக்குப் பிறகு வேறு பெண்களை வார்ட்டுகளில் நிற்க விடவில்லை; சுற்றிப் பார்க்கத் தானே போனார். அந்த விளக்கு இப்படி வந்ததுதான்.

இவ்வளவு செய்தும் சாவு குறையவில்லை. 1855 பெப்ரவரியில் நூற்றுக்கு 42 என்ற அளவுக்கு ஏறியது. காரணம் கட்டடத்தின் கீழே கிடந்தது. கழிவுக் கான்கள் அடைபட்டு, காற்றும் தண்ணீரும் கெட்டுப்போயிருந்தன. மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் கான்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்துக்கு வழி செய்து, சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். ஜூன் மாதம் சாவு நூற்றுக்கு 2 அளவில் இறங்கியது.

நன்றாக யோசித்துப் பாருங்கள். அந்த மாசியிலும் தாதியர் இரவு பகலாகப் பாடுபட்டவர்கள்தான். அவர்களில் சிலர் நோயால் இறந்தும் போனார்கள். கைகளில் குறையில்லை, கட்டடத்தில்தான் குறை. அம்மையார் போர் முடிந்து இதை எண்ணிக் கணக்கிட்டு, வண்ணப் படங்களாக வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தார். 1860இல் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பள்ளியைத் தொடக்கினார்.

எங்கட சிட்னிக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. ஹென்றி பார்க்ஸ் கேட்டபடி, 1868 மார்ச்சில் லூசி ஒஸ்பேர்ன் என்பவரும் ஐந்து தாதியரும் இங்கே வந்திறங்கினார்கள். மக்குவாரி வீதி ஆஸ்பத்திரி பூச்சி புழுவோடு கிடந்தது. நிர்வாகக் குழு அவருக்குத் துணை நிற்கவில்லை. வேதப் புத்தகங்களை எரித்தார் என்று வீண்பழி வேறு. விசாரணையில் அது பொய்யென்று தெரிந்தது. 1873இல் அரசாங்க விசாரணைக் குழு நிர்வாகத்தைக் கண்டித்து, லூசியின் வேலையைப் பாராட்டியது. ஆனால் லண்டனிலிருந்த நைட்டிங்கேல் அம்மையாரே இடையில் லூசியில் நம்பிக்கை இழந்துவிட்டார். இவ்வளவு பெரியவரும் தூரத்தில் தனித்து நின்ற ஒருத்தியைத் தாங்கத் தவறினார். லூசி 1884 வரை நின்று பிடித்தார். தாதியருக்காகக் கட்டிய நைட்டிங்கேல் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. அம்மையார் 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி தமது 90ஆவது வயதில் காலமானார்.

2021இல் கொரோனா பரவியபோது எங்கட கம்பர்லாந்துப் பகுதியைக் கடுமையாக முடக்கி வைத்தது நினைவிருக்கும். நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் பொறுப்பாளராக இருந்த பெண்மணி நாள்தோறும் வாசலில் நின்று மாஸ்க் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பார். காய்ச்சல் என்று வீட்டில் நின்றால் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு என்று எல்லோருக்கும் தாளில் எழுதித் தந்தார். கஷுவல் வேலை, தற்காலிக விசா, கட்டவேண்டிய வாடகை என்று இருக்கிறவருக்கு அந்தத் தாள்தான் முதல் மருந்து. அது இல்லாவிட்டால் மனிதர் இருமலை விழுங்கிக்கொண்டு வேலைக்கு வருவார்கள். நோயும் கூடவே வரும்.

எங்கட பிள்ளைகள் இப்போது தாதியராக, டொக்டர்மாராக, வார்ட் பொறுப்பாளர்களாக வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர் களைத்தால், அவரை ஏசுவதற்கு முன் அவர் ஏறுகிற படிகளை எண்ணுங்கள். பாதுகாப்புச் சாமான், ஓய்வு, சம்பளம் மூன்றையும் நோய் வரமுன்னரே ஒழுங்குபடுத்துங்கள். பழி வரும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

எல்லோருக்கும் நோயற்ற புத்தாண்டாக அமையட்டும்.