திருக்கேதீச்சரத்தை நினைப்பூட்டிய நாவலர் பெருமான்

பாலாவியில் நீராடிக் கேதீச்சரநாதரை வணங்கித் திரும்பும் நம் இளைஞர்கள், ஒருகாலத்தில் இத்தலம் காடாய்க் கிடந்ததென்பதை எண்ணிப் பார்ப்பது அரிது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இக்கோயில் போர்த்துக்கேயர் காலத்தில் இடிந்தழிந்தது. அதனை மீண்டும் எழுப்புமாறு 1872இல் சைவ மக்களை வேண்டியவர் நல்லூர் ஆறுமுக நாவலர்.

1822 டிசம்பர் 18இல் நல்லூரிற் பிறந்த இவர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையிற் கற்று அங்கேயே ஆசிரியருமாகி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மறு ஆண்டு திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் பட்டம் வழங்கிற்று. அச்சுக்கூடம், சிதம்பரத்துப் பாடசாலை முதலியன யாவரும் அறிந்தவை, விரிக்கவில்லை.

பிறர் சமயத்தை மறுப்பது ஒருவனுக்குப் புகழ் தரும். தன் ஊர்க் கோயிலையே குறைகூறுவது பகையைத்தான் தரும். நாவலர் அதற்கும் அஞ்சினாரில்லை. கோயில்களில் நிகழ்ந்த உயிர்ப்பலியையும், திருவிழாக்களில் தாசியர் ஆடிய சதிரையும், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆகமத்துக்கு மாறென்று தாம் கண்டவற்றையும் வெளிப்படையாய்க் கண்டித்து எழுதினார்.

அப்படியானால் அவர் கலைக்குப் பகைவரா? நாம் அவ்வாறு கருதவில்லை. பெரியபுராணத்தை எளிய வசனமாக்கியவர், பிரசங்கத்தையே ஒரு கலையாக வளர்த்தவர் அவர். வழிபட வந்த கூட்டம் வேடிக்கை பார்க்கும் கூட்டமாய் மாறுவதே அவரை வருத்திற்று. எனினும் ஒன்று சொல்லவேண்டும். ஆடலை விலக்குக என்றோர், ஆடிய பெண்களின் பிழைப்புக்கு வழி யாதென்றும் கேட்டிருக்கலாம். 1930களில் அதே சதிர் பரதநாட்டியமென்னும் பெயரோடு சென்னை மேடைகளில் மதிப்புப் பெற்றபோது, அதைக் காத்துவந்த குடும்பங்கள் பல ஒதுங்கிப்போயின. இன்று நம் பிள்ளைகள் அரங்கேற்றம் செய்கையில் அவர்களை நினைப்பவர் எத்தனை பேர்? சாதி முறையை நாவலர் ஏற்றதும் அவ்வாறே. அவரிடம் பேரன்புடைய நாமும் அதனை ஏற்பதற்கில்லை.

பலி விஷயத்தில் அவர் குரல் நெடுங்காலம் நின்றது. 1872இல் அவர் சமயநிலைபற்றி எழுதி 145 ஆண்டுகள் கழிந்தபின், 2017இல், யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் மிருகபலியைத் தடுத்துத் தீர்ப்பளித்தது.

1876, 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வீடுதோறும் பொருள் தண்டிக் கஞ்சி வார்த்தவர், 1879 டிசம்பர் 5இல் சிவபதமடைந்தார். கேதீச்சரத்து நிலத்தைச் சைவர்கள் விலைகொடுத்து மீட்டது 1893இல். சிறு கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது 1903இல். நாவலர் இரண்டையும் கண்டாரில்லை.