ஊரே பிணை

நுழையும்முன்

விதைக்கும் நாளில் உழவர் கையில் பணம் இருப்பதில்லை. அறுவடை நாளில் கடன் கொடுத்தவர் களத்துமேட்டில் வந்து நிற்கிறார். இவ்விரண்டு நாள்களுக்கும் இடையில்தான் பல குடும்பங்களின் நிலமும் மாடும் கைமாறிப் போயின. 19ஆம் நூற்றாண்டில், ஜெர்மனியின் மேட்டுநிலச் சிற்றூர்களில் இந்நிலையை மாற்ற முயன்ற ஒருவரின் வாழ்க்கை வரலாறு இது. அவர் முயற்சிகளுள் தோற்றவையும் உண்டு.

மேட்டுநிலத்து மைந்தர்

ரைன் ஆற்றின் கிழக்கே வெஸ்டர்வால்ட் என்னும் மேட்டுநிலம் உள்ளது. அங்கு மண்வளம் குறைவு, குளிர்காலம் நீண்டது. உழவர்கள் சிறு சிறு துண்டு நிலங்களில் உருளைக்கிழங்கும் தானியமும் பயிரிட்டு, ஒன்றிரண்டு மாடுகளை வளர்த்து வாழ்ந்தனர். அப்பகுதியில் சீக் ஆற்றங்கரையில் அமைந்த ஹாம் என்னும் ஊரில், 1818ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் பிறந்தார். உடன்பிறந்தோருடன் சேர்த்து ஒன்பது குழந்தைகள்; அவர்களுள் இவர் ஏழாமவர். தந்தையார் சிலகாலம் அவ்வூரின் மேயராக இருந்தவர். அவர் நோயுற்றபின் குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. பட்டணத்து உயர்பள்ளிக்கு மகனை அனுப்பும் வசதி தாயாருக்கு இல்லை. ஊர்த் தேவாலயப் போதகரே சிறுவனுக்கு ஆசிரியராகி, பாடத்தோடு இறைப்பற்றையும் ஊட்டினார்.

பதினேழாம் வயதில் ரைஃபைசன் பீரங்கிப் படையில் சேர்ந்தார். படைத்துறையில் உயர வாய்ப்பிருந்தும் கண்நோய் குறுக்கிட்டது. பார்வை மங்கத் தொடங்கவே, 1843இல் படையிலிருந்து விலகி ஆட்சிப்பணிக்கு மாறினார். 1845இல் வெயர்புஷ் என்னும் ஊரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் உள்ளடக்கிய பகுதிக்கு மேயராக அமர்த்தப்பட்டார். எமிலி என்னும் மங்கையை மணந்ததும் அவ்வாண்டிலேதான்.

பசியின் குளிர்காலம்

பொறுப்பேற்ற மறு ஆண்டே பெருந்துன்பம் வந்தது. உருளைக்கிழங்குச் செடிகளை நோய் அழித்தது. தானிய விளைச்சலும் பொய்த்தது. 1846இன் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் வெஸ்டர்வால்ட் மக்கள் பட்டினியால் வாடினர். பிரஷ்ய அரசு தன் கிடங்கிலிருந்து மாவு அனுப்பியது; அதனை ரொக்கம் கொடுப்போருக்கு மட்டுமே வழங்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. ரொக்கம் வைத்திருப்போர் எதற்காக அரசின் மாவுக்குக் காத்திருப்பர் என்பதை ஆணை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

இளம் மேயர் அவ்வாணையை ஓரமாக வைத்தார். எழுதி வாங்கிக்கொண்டு மாவைக் கடனாக அளித்தார். அத்துடன், வசதி படைத்தோரை அழைத்துப் பணம் திரட்டி ஒரு ரொட்டிச் சங்கம் அமைத்தார். ஊருக்குப் பொதுவான அடுமனை ஒன்று எழுந்தது. அங்குச் சுடப்பட்ட ரொட்டி, சந்தை விலையைவிடக் குறைந்த விலைக்கு வழங்கப்பட்டது. அப்போதே பணம் தர இயலாதோர் பின்னர்த் தரலாம். வசந்தம் வந்ததும் சங்கம் விதைக்கிழங்கும் வாங்கிக் கொடுத்தது. பஞ்சத்தில் விதையையும் உண்டு தீர்த்த குடும்பத்திற்கு அடுத்த ஆண்டும் பஞ்சமே என்பதை அவர் அறிந்திருந்தார்.

பள்ளிகளைக் கட்டுவதிலும் அவர் முனைப்புக் காட்டினார். மேட்டுநில ஊர்களை ரைன் கரையிலுள்ள நோய்வீட் நகரோடு இணைக்கும் சாலைக்கும் வழிசெய்தார். விளைபொருள் சந்தைக்குப் போகச் சாலை இல்லையேல், வாசலுக்கு வரும் வணிகர் சொன்னதே விலையாகும்.

மாடு யாருடையது?

1848இல் அவர் ஃபிளாம்மர்ஸ்ஃபெல்ட் பகுதிக்கு மாற்றப்பட்டார். பஞ்சம் தணிந்திருந்தது, கடன் தணியவில்லை. அங்கு அவர் கண்ட கொடுமைகளுள் மாட்டுக்கடன் தலையாயது. மாடு வாங்க வழியற்ற உழவரின் தொழுவத்தில் வணிகர் தம் மாட்டைக் கட்டுவார். நம் ஊர்களில் மாட்டை வாரத்திற்கு விடுவதை ஒத்த ஏற்பாடு இது. தீனியும் உழைப்பும் உழவருடையவை. மாடும் கன்றின் ஆதாயத்தில் பெரும்பகுதியும் வணிகருடையவை. கன்று தேறும் வேளையில் மாட்டை அவிழ்த்துச் சென்று, வேறொரு மெலிந்த மாட்டைக் கட்டிவிட்டுப் போவதும் உண்டு. ரொக்கமாகக் கடன் பெற்றோர் நிலைமையும் இதனினும் மேலானதன்று. வட்டிக்கு ஈடாக நிலம் போகும். நிலம் போனபின் வீடு போகும். சோம்பலாலன்றி, கணக்கின் அமைப்பாலேயே குடும்பங்கள் அழிந்தன.

இதனை எதிர்கொள்ள 1849இன் இறுதியில் ரைஃபைசன் வறிய உழவர்க்கான உதவிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். வசதியுள்ள 60 பேர் அதில் உறுப்பினராயினர். கடன் கொடுத்தோருக்கு அவர்கள் அனைவரும் கூட்டாகப் பொறுப்பேற்றனர். அந்தப் பிணையைக் காட்டி நியாயமான வட்டிக்குப் பணம் பெற்று, மாடு வாங்கி உழவர்க்குக் கொடுத்தனர். விலையை ஐந்து ஆண்டுகளில் தவணையாகச் செலுத்தினால் போதும். மாடு தொழுவத்திற்கு வந்த நாள்முதல் உழவருடையது, கன்றும் அவருடையதே. நாளடைவில் சங்கம் மாட்டுக்குப் பதிலாகப் பணத்தையே கடனாகக் கொடுக்கத் தொடங்கியது.

ஓய்ந்த கொடையாளர்

1852இல் நோய்வீட் நகரையொட்டிய ஹெட்டெஸ்டார்ஃப் பகுதிக்கு மேயரானார் ரைஃபைசன். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அங்கும் ஒரு சங்கம் உருவாயிற்று. அதன் நோக்கங்கள் மிக விரிந்தவை: ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்தல், வேலையற்றோர்க்கும் சிறையிலிருந்து மீண்டோர்க்கும் வேலை தேடித் தருதல், மாடு வாங்கித் தருதல், கடன் வழங்குதல். செல்வர்கள் பணமும் பிணையும் தருவர், ஏழைகள் பயன்பெறுவர்.

சில ஆண்டுகளிலேயே சங்கம் தளர்ந்தது. பிறர் கடனுக்குத் தம் சொத்தைப் பிணையாக வைத்த செல்வர்கள், இடர் தமக்கும் பயன் பிறர்க்கும் என்று எண்ணி ஒவ்வொருவராக விலகினர். நோக்கங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட, இறுதியில் கடன் வழங்கும் பணி மட்டுமே எஞ்சியது.

ரைஃபைசனின் வாழ்வில் கடினமான கட்டம் இதுவே. உடையவர் இல்லாதவர்க்கு உதவுவது சமயக் கடமை என்பது அவர் உள்ளத்தில் வேரூன்றிய எண்ணம். அதே காலத்தில் ஹெர்மன் ஷுல்ட்ஸே டெலிட்ச் என்பவர் நகரத்துக் கைவினைஞர்களிடையே வேறு முறையிலான கடன் சங்கங்களை வளர்த்து வந்தார். அவற்றில் கொடையாளர் என்று எவரும் இல்லை. கடன் பெறுவோரே உறுப்பினர், அவர்களே பொறுப்பாளர். ரைஃபைசன் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார்; எனினும் அம்முறையை உடனே ஏற்கவில்லை. கொடை என்னும் எண்ணத்தை விட்டுவிட அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. முதல் சங்கத்தை அமைத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1864இல் ஹெட்டெஸ்டார்ஃப் சங்கம் கடன் சங்கமாக மாற்றியமைக்கப்பட்டது. கடன் வேண்டுவோர் உறுப்பினராதல் வேண்டும் என்பது புதிய விதி. அதுவரை உதவிபெறும் இடத்தில் நின்ற உழவர், அன்றுமுதல் சங்கத்தின் உரிமையாளருள் ஒருவரானார்.

சங்கம் இயங்கிய முறை

தனியாக நின்றால் எவரும் நம்பிக் கடன் தராத நூறு ஏழைகள் ஒன்றுசேர்ந்தால் மட்டும் எப்படிக் கடன் கிடைக்கும்? இதற்கான விடை, வரையறையற்ற கூட்டுப் பொறுப்பு என்னும் விதியில் இருந்தது. சங்கம் வாங்கிய கடனுக்கு ஒவ்வோர் உறுப்பினரும் தம் உடைமை முழுவதையும் பிணையாக்கினர். ஒருவர் நிலம் சிறிது. ஊரார் நிலம் அனைத்தும் சேர்ந்தால் பெரிது. பணம் வைத்திருந்தோர் அச்சமின்றிச் சங்கத்தில் வைப்பு வைத்தனர்.

கேட்போர்க்கு அச்சமூட்டும் விதிதான். அண்டைவீட்டார் கடனைத் திருப்பவில்லையெனில் தன் மாடும் போகக்கூடும். ஆனால் அந்த அச்சமே சங்கத்தின் காவலாக அமைந்தது. அதனால்தான் சங்கத்தின் எல்லை ஒரு தேவாலய வட்டாரத்தைத் தாண்டக்கூடாது என்று ரைஃபைசன் வற்புறுத்தினார். ஒருவர் உழைப்பாளியா, குடிப்பழக்கம் உடையவரா, சொன்ன சொல்லைக் காப்பவரா என்பதை நகரத்து வங்கியாளர் அறியார், ஊர் அறியும். கடன் கேட்பவர் எதற்கென்று சொல்ல வேண்டும். சொன்ன செயலுக்கே அதனைச் செலவிட வேண்டும். திருமண விருந்துக்கென்று எவரும் கடன் பெற இயலாது. இவ்வாறு ஊரார் ஒருவர் வாழ்க்கையை ஒருவர் உற்றுநோக்குவதில் ஒரு நெருக்கடியும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நிலமே இல்லாத கூலித் தொழிலாளரைவிடச் சிறு நிலமுடையோர்க்கே இம்முறை மிகுதியும் பயன்பட்டது என்பதும் உண்மை.

கடனைத் திருப்பும் காலத்தில்தான் ஷுல்ட்ஸேவோடு அவருக்குக் கடும் கருத்து வேறுபாடு எழுந்தது. நகரக் கைவினைஞர் செய்த பொருளைச் சில வாரங்களில் விற்றுப் பணமாக்குவார். அவர்க்கு மூன்று மாதக் கடன் போதும். உழவர் விதைத்தது விளைய வேண்டும்; வாங்கிய கன்று பசுவாக வேண்டும். எனவே ஆண்டுக்கணக்கில் தவணை வேண்டும் என்றார் ரைஃபைசன். உறுப்பினர் பங்குத்தொகை செலுத்த வேண்டும் என்றார் ஷுல்ட்ஸே. அதைச் செலுத்த வழியிருந்தால் அவர் ஏன் சங்கத்திற்கு வருகிறார் என்பது ரைஃபைசனின் நிலைப்பாடு. நிருவாகிகளுக்கு ஊதியம் இல்லை. கணக்கர் ஒருவருக்கே ஊதியம் உண்டு. ஈட்டிய ஆதாயம் உறுப்பினர்க்குப் பங்கிடப்படாமல், எக்காலத்தும் பிரிக்கப்படாத பொதுநிதியில் சேர்ந்தது. ஆண்டுதோறும் அந்நிதி வளர வளர, பிறரிடம் கடன் வாங்க வேண்டிய தேவை குறைந்தது. உரமும் விதையும் மொத்தமாக வாங்கிப் பகிரும் பணியையும் சங்கங்கள் மேற்கொண்டன.

ஒளி மங்கிய ஆண்டுகள்

ஊர் தலைநிமிரத் தொடங்கிய காலத்தில் ரைஃபைசனின் இல்லம் இடிந்து கிடந்தது. 1863இல் மனைவி எமிலி மறைந்தார். ரைஃபைசனை டைஃபஸ் காய்ச்சல் வாட்டியது. கண்பார்வை மேலும் மங்கியது. 1865இல், 47ஆம் வயதில், சிறிய ஓய்வூதியத்துடன் பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டார். குடும்பத்தைக் காக்கச் சுருட்டுத் தயாரிக்கும் சிறு தொழிலைத் தொடங்கிப் பார்த்தார். பின்னர்த் திராட்சை மது வணிகத்தில் ஈடுபட்டார். சங்கப் பணிக்கு அவர் ஊதியம் பெறவில்லை.

அந்நிலையில்தான் அவருடைய நூல் உருவாயிற்று. கடன் சங்கங்கள் வழியாக ஊர்ப்புற மக்களின் வறுமையைப் போக்குவது எவ்வாறு என்பதை, தம் தோல்விகளின் பட்டறிவோடு அதில் விளக்கினார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் மூத்த மகள் அமாலியே. கடிதங்களைப் படித்துக் காட்டியவரும் விடை எழுதியவரும் அவரே. மணம் செய்துகொள்ளாமல் தந்தையின் கண்ணாக வாழ்ந்த அப்பெண்ணின் உழைப்பு, ரைஃபைசனின் புகழில் கரைந்துபோயிற்று. 1866இல் வெளிவந்த அந்நூல், சங்கம் தொடங்க விழைந்த ஊர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

ஓர் ஊரில் பணம் மிகுந்திருக்க, மற்றோர் ஊர் பணமின்றித் தவிப்பதைக் கண்ட அவர், சங்கங்களை இணைக்கும் வங்கியை 1872இல் நோய்வீட் நகரில் நிறுவினார். அதன் அமைப்புச் சட்டத்திற்கு முரணானது என்று எதிர்ப்பு எழவே, அவ்வமைப்பை மாற்ற நேர்ந்தது. 1876இல் புதிய மைய வங்கி உருவாயிற்று. சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யவும் அறிவுரை கூறவும் ஒன்றியமும், செய்தி பரப்ப இதழும் தோன்றின. 1888 மார்ச் 11ஆம் நாள் ஹெட்டெஸ்டார்ஃபில் ரைஃபைசன் மறைந்தார். இரண்டு நாள்களுக்கு முன்புதான் ஜெர்மானியப் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் மறைந்திருந்தார். நாடெங்கும் அரச துக்கம். அப்போது 400க்கும் மேற்பட்ட சங்கங்கள் அவர் வகுத்த முறையில் இயங்கி வந்தன.

சென்னைக்கு வந்த செய்தி

அவர் மறைந்த சில ஆண்டுகளில் அவருடைய பெயர் தமிழ்நாட்டை எட்டியது. சென்னை மாகாண உழவர்கள் வட்டிக்கடனில் சிக்கியிருந்த நிலையை ஆராய, 1892இல் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் ஆட்சிப்பணி அதிகாரியை மாகாண அரசு அமர்த்தியது. கோயம்புத்தூர் மாவட்டத்தை நன்கறிந்தவர் அவர். ஐரோப்பியக் கடன் அமைப்புகளை ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். அவ்வளவு பெரிய அறிக்கை முடிவில் சென்று சேர்ந்த இடம் ஒரு மனிதரின் பெயர்தான்: விதிகளைக் கொண்டுவருவதினும், ரைஃபைசனைப் போன்றோரைத் தேடிக் கண்டடைவதே முதல் வேலை என்று நிக்கல்சன் கருதினார்.

1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஊர்ப்புறச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பையே அது பொதுவிதியாக்கியது. அவ்வாண்டிலேயே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் தமிழ்நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் தொடங்கப்பட்டன. ஹெட்டெஸ்டார்ஃப் உழவர்கள் தம் சங்கத்தில் உறுப்பினராகி அப்போது 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.